டட்டிலின் பெயரில் ஆடியவன்

அந்த இலையுதிர் காலம் முழுக்க ஆஷ்வெல் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு எதிராக எவராலும் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. பந்தோடு பாய்ந்து வருபவர்களை நடுவரிசையில் நின்று மறித்தவன் ஓரின் டட்டில். கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில், கேப்டன் லைமனை மிதிபடாமல் காக்கப் போய், ஓரினின் முழங்கால் பிசகிவிட்டது. லைமன் அவனுடைய அறைத்தோழனும்கூட. அறையிலேயே படுத்திரு, இருப்பவர்களை வைத்துச் சமாளித்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் லைமன் இறுதி ஆட்டத்துக்குப் போனான்.

ஓரினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தன் ஆட்டத்தைப் பார்க்கவென்று பண்ணையிலிருந்து ரயிலேறி வந்திருந்த அப்பாவின் பக்கத்திலாவது நிற்கலாம் என்று தடியூன்றி மைதானத்துக்குப் போனான். அங்கே அவனுடைய இடத்தில், அவனுடைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, சுரங்க ஊர்களில் கூலிக்கு ஆடும் ஒருவன் நின்றிருந்தான். கல்லூரி மாணவர் அல்லாதவர் ஆடக் கூடாது என்பது விதி.

"டட்டில்! டட்டில்!" என்று கூட்டம் கத்தியது.

அப்பா திரும்பிப் பார்த்தார். "உன் பேரைத்தானேடா சொல்றாங்க? நீ இங்கல்ல நிக்கிற?"

ஆஷ்வெல் வென்றது.

உடை மாற்றும் அறையில் ஓரின் லைமனைப் பிடித்தான். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேடா."

"கேட்டா நீ ஒத்துக்க மாட்ட. அதான் கேக்கல. பேரு உனக்குத்தானே வருது?"

மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு ஷூ கயிற்றை அவிழ்த்தார்கள். எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. அதுதான் ஓரினுக்கு அதிகமாக வலித்தது. போட்டோ எடுக்க ஆள் வந்திருக்கிறார், நீயும் வா என்று தோளில் கைபோட்டான் லைமன்.

ஓரின் கையைத் தட்டிவிட்டான். "பேரைக் கேக்காம எடுத்துக்கிட்டீங்க. மூஞ்சிய வேற நானே வந்து குடுக்கணுமா?"

மறுநாள் அப்பாவோடு போய்க் கல்லூரித் தலைவரிடம் நடந்ததைச் சொன்னான். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முழங்கால் வீக்கம் குறைந்திருக்கிறதா என்று விசாரித்தார். இப்படி ஒரு வருஷம் கல்லூரிக்கு இனி எப்போது வாய்க்குமோ என்றார். பிறகு, விதியைப் பற்றி எதுவும் சொல்லாமல், தானே எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார்.

வெளியே புல்தரையில் நின்ற மாணவர்கள், ஓரின் நொண்டி வருவதைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி, நேற்றைய ஆட்டத்துக்காகக் கைதட்டினார்கள். அப்பா அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார்.