கார்த்திக்கின் முறை

காவாந்தண்டலத்தில் பெருமாள் வீட்டுக்கும் அவர் தம்பி பச்சமுத்து வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர் பொது. கழனியில் ஒரு கிணறு பொது. இவை போக இன்னொன்றும் பொதுவாக இருந்தது பெரியவர்கள் இருவருக்கும் தெரியாது. அது இன்டர்நெட்டில் இருந்த ஓர் ஊர்.

பெருமாளின் மகன் தினகரனும் பச்சமுத்துவின் மகன் கார்த்திக்கும் அதை ஆரம்பித்தது உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் அப்போது இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில். தினகரன் காலேஜ் கடைசி வருஷம், கார்த்திக் பிளஸ் ஒன். விளையாட்டுக்கு நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. இவர்களுக்கு அது வெறும் 'ஊரு'தான். உலகம் முழுக்க இருக்கிற ஆட்கள் ஆளுக்கொரு கிராமத்தை வைத்துக்கொண்டு வயல் திருத்துவார்கள், களஞ்சியம் கட்டுவார்கள், வேல்காரர்களையும் குதிரைகளையும் சேர்ப்பார்கள். அவசரமே கிடையாது. ஒரு மதில் எழும்ப ஒரு ராத்திரி பிடிக்கும். ஒருவன் மேல் படையை அனுப்பினால், அது நிஜமாகவே காலால் நடப்பது போல ஒரு பகல், சில சமயம் அதற்கு மேலும் போய்க்கொண்டே இருக்கும். அனுப்பியவன் குளித்து, சாப்பிட்டு, வேலைக்குப் போய்விட்டு வந்து பார்த்தாலும் பாதி வழியில்தான் நிற்கும். படபடவென்று சுட்டுத் தள்ளும் விளையாட்டுகள் இரண்டு பேருக்குமே பிடிக்காமல் போனதற்கும், இது பன்னிரண்டு வருஷம் பிடித்துப் போனதற்கும் அதுதான் காரணம். நாற்று விட்டவனுக்குக் காத்திருப்பது புதிதல்ல.

கணக்கு ஒன்று, பாஸ்வேர்டு ஒன்று, ஆள் இரண்டு. ஆரம்பத்தில் ஒருவன் சேர்த்ததை மற்றவன் செலவழித்து நிறைய சண்டை வந்தது. அப்புறம் கிணற்று வழக்கத்தையே அங்கேயும் கொண்டுவந்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. கிணற்றில் இன்றைக்கு யார் வீட்டு மோட்டார் ஓடுகிறதோ, ஊரிலும் இன்றைக்கு அவன்தான். அடுத்தவன் முறையில் எட்டிப் பார்க்கலாம், கை வைக்கக் கூடாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நவரைப் பட்டத்தில் பெருமாள் கை வைத்தார். விளையாட்டில் அல்ல, கிணற்றில். நாற்று கருகுகிறதே என்று தம்பி முறையில் மோட்டாரைப் போட்டுவிட்டார். விடிந்து வந்த பச்சமுத்து கிணற்றில் சேறுதான் பார்த்தார். வரப்பில் நின்று அண்ணனும் தம்பியும் பேசிய பேச்சை அக்கம்பக்கத்துக் கழனிக்காரர்கள் நடவை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அன்றோடு பேச்சு நின்றது. ஒரு வீட்டில் மற்ற வீட்டார் கை நனைப்பதில்லை. மகன்களுக்கும் அதே உத்தரவு. இரண்டு பேரும் கீழ்ப்படிந்தார்கள். தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், போன் பேசுவதை விட்டார்கள். ஊரை மட்டும் விடவில்லை. விடச் சொல்ல யாருக்கும் தெரியவில்லை.

அங்கேயும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை, வேலை மட்டும் செய்தார்கள். கார்த்திக் முறையில் ஒரு லாயம் எழும்பியிருக்கும். மறுநாள் தினகரன் அதில் குதிரைகளை நிரப்புவான். ஒரகடம் கம்பெனியில் கார்த்திக்குக் கஷ்டமான ஷிஃப்ட் நடக்கிறது என்பதை, அவன் முறை நாட்களில் ஒன்றுமே கட்டப்படாமல் கிடப்பதை வைத்துத் தினகரன் தெரிந்துகொள்வான். தினகரனுக்கு மகள் பிறந்து ஆதிரை என்று பெயர் வைத்த வாரம், ஊரின் வடக்கே புதிதாகப் பிடித்த குடியிருப்புக்கு ஆதிரை என்று பெயர் மாறியிருந்தது. தினகரன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். தம்பியோடு தனக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு சரடுதான் என்று அவனுக்குத் தெரியும்.

கார்த்திக்கின் தங்கை இளமதிக்கு நிச்சயதார்த்தம் நடந்த நாள் கார்த்திக்கின் முறையாக அமைந்தது. வாசலை அடைத்துப் பந்தல். மைக்செட் சத்தம் சுவரைத் தாண்டித் தினகரன் வீட்டுச் சாமான்களை அதிரவைத்தது. பெரியப்பா உட்கார்ந்து தட்டு மாற்றவேண்டிய இடம் அது. பெருமாளோ தன் வீட்டுக் கூடத்தில் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழைப்பு வரவில்லை.

தினகரன் பின்கட்டில் போனோடு இருந்தான். நள்ளிரவு தாண்டி, முறை மாறிய பிறகு, ஒரு பெரிய படை அவர்கள் ஊரை நோக்கிக் கிளம்பியிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேரும். ஊருக்குள் தங்கள் படை அத்தனையும் நிற்கிறது. எதிரே வருகிறவன் மூன்று மடங்கு. வருவதற்குள் படையை எங்கேயாவது வெளியே அனுப்பிவிட்டால் அவன் களஞ்சியத்தைக் கொள்ளையடித்துவிட்டுப் போவான், ஆட்கள் தப்பிப்பார்கள். அனுப்பாவிட்டால் பன்னிரண்டு வருஷத்துச் சேர்மானம் ஒரே சண்டையில் போய்விடும். அதற்கப்புறம் வெறும் ஊரை இருவரில் யார் திறக்கப் போகிறார்கள்?

கார்த்திக் கடைசி நேரத்தில் நகர்த்துவான் என்று காலை முழுக்கக் காத்திருந்தான். நகரவில்லை. விளையாட்டில் அவர்களோடு கூட்டணி வைத்திருந்த போலந்துக்காரி ஒருத்தி, பஸ் ஓட்டுகிறவள், படையை ஏன் இன்னும் நகர்த்தவில்லை என்று இரண்டு தடவை செய்தி அனுப்பிவிட்டாள். இன்று என் முறை இல்லை என்று எழுதினான். உங்கள் இருவருக்கும் பைத்தியம் என்று பதில் வந்தது.

சசிரேகா துணி எடுக்க வந்தவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"ஆதிரை பொறந்தப்ப ஆஸ்பத்திரில கூட நீ இப்டி ஒக்காந்துக்கினு இல்ல. யாரு வராங்க, டெல்லி சுல்தானா?"

அவன் விஷயத்தைச் சொன்னான். அவளுக்கு ஊரும் தெரியும், முறையும் தெரியும். நகர்த்திவிட வேண்டியதுதானே என்றாள்.

"அவன் மொற."

"ரெண்டு தட்டு தட்டனா ஆச்சி."

"எங்கப்பாவும் ஒரு சுச்சதான் தட்டினாரு."



மூன்று வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாகக் கார்த்திக்கின் நம்பரைப் போட்டான். மைக்செட் பாட்டு ஓய்ந்திருந்த நேரம், சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடிப்பது இவன் காதிலேயே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டான். மறுபடி அங்கே அடித்து ஓய்ந்தது. போன் வீட்டுக்குள் எங்கோ சார்ஜில் கிடக்கிறது, ஆள் பந்தலில் இருக்கிறான்.

கிணற்று வழக்கத்தில் இன்னொன்றும் உண்டு. அடுத்தவன் முறையில் கால்வாய் உடைந்து தண்ணீர் வீணாகப் போனால் நீ மண்வெட்டியை எடுக்கக் கூடாது. ஆனால் போய் அவனிடம் சொல்லியாக வேண்டும், அவன் எப்பேர்ப்பட்ட பகையாளியாக இருந்தாலும். பார்த்தும் சொல்லாமல் வந்தவனோடு யாரும் கிணறு பங்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

தினகரன் எழுந்தான். சசிரேகா அவன் லுங்கியைப் பார்த்துவிட்டு உள்ளே போய் மடித்த வேட்டியோடு வந்தாள்.

"போறது போற, இத்த கட்டிக்கினு போ. நாலு பேரு கீற எடம்."

கூடத்தைக் கடக்கும்போது பெருமாள் எங்கே என்று கேட்டார். கார்த்திக்கிடம் ஒரு விஷயம் சொல்லவேண்டும் என்றான். அவர் திரும்பவில்லை. டிவி சத்தம் இன்னும் கொஞ்சம் ஏறியது.

பந்தலில் இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருந்தது. முதலில் பார்த்தது பச்சமுத்துவின் மனைவி பவளம். வா என்றும் சொல்லாமல் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், விட்டால் திரும்பிப் போய்விடுவான் என்பது போல. வந்தவாசிப் பக்கத்து மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் இது யார் என்று விசாரித்தார். பச்சமுத்து ஒரு கணம் தாமதித்துவிட்டு, எங்க அண்ணன் மவன் என்றார். காலையில் அவர்களிடம் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருந்தார் போலிருக்கிறது. அப்பாவுக்கு இப்போது தேவலாமா என்று அந்தப் பெரியவர் தினகரனைக் கேட்டார். தேவலாம் என்று தினகரன் சொன்னான்.

கார்த்திக் சாம்பார் வாளியோடு பந்தியின் நடுவில் இருந்தான். அண்ணனைப் பார்த்ததும் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"கார்த்தி, ஊரு மேல வரான். கிட்ட வந்துட்டான்."

கார்த்திக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் கரண்டியை வாளிக்குள் போட்டான்.

"காலைல பாத்தன்ணா. மாப்ள வூட்டுக்காரங்க எறங்கட்டும், அப்பறம் நகத்தலாம்னு வெச்சேன். அப்டியே மறந்து பூட்டேன்." பிறகு, "நீ பாத்துக்கினுதான இருந்த? நகத்தியிருக்கக் கூடாதா?" என்றான்.

"உன் மொறடா."

கார்த்திக் அண்ணனையே பார்த்தான். ஏதோ சொல்ல வந்து, வேறு சொன்னான். "என் கையெல்லாம் சாம்பாரு. நான் சொல்றன், நீ நகத்து. ஒரு ஆளு உள்ள இருக்கக் கூடாது. ஆதிரைக்கு அனுப்பு."

தினகரன் வழியில் நிற்பதால் பொரியல்காரர் முனகினார். யாரோ அவன் தோளை அழுத்தி வரிசைக் கோடியில் காலியாக இருந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவன் குனிந்து போனைத் தட்டினான். பந்தலில் ஆளுக்கொரு போன். சிக்னல் ஒரு கோடுதான் நின்றது. வட்டம் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. எதிரி ஊர் எல்லைக்கு வந்துவிட்டான். பக்கம் திறந்தபோது எல்லா வேல்காரர்களையும் எல்லாக் குதிரைகளையும் சேர்த்துக் குறித்து அனுப்பினான். மறுபடி வட்டம். பிறகு, படை வடக்கே போய்க்கொண்டிருக்கிறது என்று ஒரு வரி வந்தது. அவன் மூச்சை விடுவதற்குள் அடுத்த வரியும் வந்தது. களஞ்சியம் காலி, தானியம் அத்தனையும் போயிற்று. இறந்த ஆள் என்ற இடத்தில் சைபர்.

தலை நிமிர்ந்தான். எதிரே இலை போட்டிருந்தது. தண்ணீர் தெளித்து, உப்பு, ஊறுகாய், கூட்டு, வடை வைத்து, சோறும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சோற்றின் மேல் சாம்பார் பரவிக்கொண்டிருந்தது.

எழுந்தால் இத்தனை பேருக்கு முன்னால் இலையை அவமதித்ததாகும். உட்கார்ந்தால் அப்பா வார்த்தையை மீறினதாகும். கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். பந்தியை விசாரித்தபடி வந்த பச்சமுத்து அந்த இலைக்கு முன்னால் நின்றார்.

"இன்னாடா, சாம்பாரு ஆறுது."

மூன்று வருஷத்தில் சித்தப்பா அவனிடம் பேசிய முதல் பேச்சு. தினகரன் சோற்றைப் பிசைந்தான். அவர் திரும்பி, இந்த இலைக்கு அப்பளம் வைக்கவில்லை என்று யாரையோ அதட்டிக்கொண்டே நகர்ந்தார்.

ரசத்தோடு வந்த கார்த்திக் குனிந்து ஊற்றும்போது ஆள் தப்பித்ததா என்று கேட்டான். தானியம்தான் போனது என்று தினகரன் சொன்னான்.

"கண்ணாலம் முடியறமுட்டும் என் மொறயும் நீயே பாத்துக்கோ. நான் குடுக்கறன்."

வீட்டுக்குத் திரும்பும்போது பவளம் ஒரு டிபன் கேரியரைக் கையில் கொடுத்துவிட்டாள். சசிரேகா அதை வாங்கி, தட்டில் எடுத்து மாமனார் முன்னால் வைத்தாள். பெருமாள் தட்டைத் தொடவில்லை.

"இன்னா விசயம் சொல்லப் போன?" என்றார்.

தினகரன் பொய் சொல்ல நினைக்கவில்லை. பிரவுசிங் சென்டரிலிருந்து ஆரம்பித்துச் சொன்னான். ஊர், படை, ஒருநாள் விட்டு ஒருநாள், இன்றைக்கு வந்தவன், போன தானியம், சித்தப்பா பேசியது. பெருமாள் டிவியை அணைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். இதில் எவ்வளவு அவருக்குப் புரிந்தது என்று தினகரனுக்குத் தெரியவில்லை. 

"அவன் மொறைல நீ கை வெக்கல?"

"வெக்கலபா. அவன் சொன்னப்பறம்தான் வெச்சேன்."

பெருமாள் சுவரைப் பார்த்தார். அந்தப் பக்கம் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு முட்டியில் கை ஊன்றி மெல்ல எழுந்து, கை கழுவப் பின்கட்டுக்குப் போனார்.