முதலில் விளக்கு இறங்கட்டும்

எங்கள் ஊர் அலங்காநல்லூருக்குப் பக்கம். அந்த வருஷம் கோயில் பொங்கலுக்குப் பட்டிமன்றம் வைத்தார்கள். 'விண்வெளிக்குப் போக வேண்டியது மனிதனா, இயந்திரமா?' என்று தலைப்பு. நம் நாட்டு ஆள் ஒருவர் ரஷ்யாக்காரர்களோடு ராக்கெட்டில் போய்த் திரும்பியிருந்த சித்திரை மாதம் அது. டீக்கடையில் வேறு பேச்சே கிடையாது. அந்த நேரத்தில் இயந்திரத்துக்காகப் பேச யாருக்குப் பைத்தியம்? ஆனால் பட்டிமன்றத்தில் எந்த அணி வேண்டும் என்று கேட்டுவிட்டா கொடுக்கிறார்கள்? மதுரையிலிருந்து வந்த ஸ்யாமளா டீச்சர் தலையில் இயந்திரம் விழுந்தது.

மனித அணிக்காரர் வாயைத் திறந்ததுமே விசில் பறந்தது. முன்வரிசையில் துண்டைச் சுழற்றியவர் வேறு யார், என் வீட்டுக்காரர் கருத்தக்கண்ணன்தான். அவர் கிணறு தூர் வாருகிறவர். கோடையில் தண்ணீர் வற்றியதும் கயிற்றைப் பிடித்து இறங்கிச் சேற்றை அள்ளுவது தொழில். மறுநாள் காலையில் மொக்கைச்சாமி தோட்டத்துக் கிணற்றில் இறங்குவதாக இருந்தார். பல வருஷமாகப் பலகை போட்டு மூடிக் கிடந்த கிணறு. அப்படி ஒரு கிணற்றில் இறங்கித்தான் போன கோடையில் பக்கத்து ஊர் அண்ணன் தம்பி இருவரும் மூச்சு முட்டிச் செத்தார்கள். இறங்க வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். சொன்னால் கேட்கிற ஆளா அவர்?

டீச்சருக்குக் கத்தத் தெரியவில்லை. வகுப்பில் பேசுகிற மாதிரியே பேசினார்.

"சந்திரனில் மனிதன் கால் வைப்பதற்கு முன்னால் எத்தனை இயந்திரங்கள் போய் விழுந்து நொறுங்கின தெரியுமா? நொறுங்கட்டும். இயந்திரம் உடைந்தால் எந்தப் பெண்ணும் தாலியறுக்கப் போவதில்லை. உங்கள் ஊர்க் கிணற்றிலேயே விளக்கை இறக்கிப் பார்க்காமல் ஆளை இறக்குவீர்களா?"

பெண்கள் பக்கம் கொஞ்சம் கைதட்டல். ஆண்கள் பக்கம் ஒரே ஊளை. நடுவர் கூட்டத்தின் நாடியைப் பார்த்து, மனிதனே போக வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். டீச்சர் முகம் சுண்டிப்போய்க் காரில் ஏறினார். எனக்கு அந்த நடுவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல் இருந்தது.

விளக்கு இறக்குவது எங்கள் பக்கத்து வழக்கம்தான். எரிந்தால் நல்ல காற்று, அணைந்தால் கெட்ட காற்று. ஆனால் இப்போதிருக்கிற ஆட்களுக்கு அது பயந்தாங்கொள்ளி வேலையாகப் போய்விட்டது. அதனால் காலையில் கஞ்சித் தூக்கோடு அரிக்கேன் விளக்கையும் எடுத்துக்கொண்டு நானே போனேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்று மேட்டில் நின்றார்.

"ஏய் அன்னக்கொடி, வெயிலு மண்டையப் பொளக்குது, விளக்கு எதுக்குடி?"

"உள்ள விட்டுப் பாத்துட்டு எறங்குங்க."

"வானத்துக்கே மனுசன் போயிட்டு வந்துட்டான். நான் இம்புட்டுக் கிணத்துக்கு விளக்கு விட்டா ஊரு சிரிக்காதா?"

கயிறு பிடிக்க வந்த ஆட்கள் அப்போதே சிரித்தார்கள். "மாப்ள, தங்கச்சி பட்டிமன்றம் பேச வந்திருக்கு!" என்றான் ஒருவன். எனக்கு வந்ததே கோபம். கயிற்றுச் சுருள்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"வானத்துக்குப் போனவரு எம்புட்டோ மிஷினை முன்னால அனுப்பிட்டுத்தான் போனாரு. ஒங்களுக்கு ஒத்த விளக்கு. அது எறங்காம இந்தக் கயிறு எறங்காது."

இந்தக் கழுதையோடு மல்லுக்கட்ட முடியாது என்று அவர் நகர்ந்துகொண்டார். விளக்கைக் கொளுத்திக் கட்டி நானே இறக்கினேன். பாதி ஆழம்கூடப் போகவில்லை. சுடர் நீலமாகி, சுருங்கி, அணைந்துவிட்டது.

"காத்துல அணைஞ்சிருக்கும்" என்றார் மொக்கைச்சாமி.

கண்ணாடி போட்ட விளக்கு காற்றில் எப்படி அணையும்? திரும்பக் கொளுத்தி இறக்கினேன். அதே இடத்தில் அணைந்தது. பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். எடுத்த பீடியைப் பற்றவைக்காமலே காதில் செருகிக்கொண்டார்.

வேப்பங்குழையைக் கட்டு கட்டாகக் கட்டிக் கிணற்றுக்குள் ஏற்றி இறக்கிக் காற்றைக் கலக்கினார்கள். மறுபடி மறுபடி விளக்கு விட்டார்கள். மத்தியானத்துக்குமேல் அது அடிவரை போய் நின்று எரிந்தது. அப்புறம்தான் அவர் இறங்கினார். சேறும் சகதியுமாக அவர் மேலேறி வந்தபோது ஓவென்று அழுதுவிட்டேன்.

அடுத்த நாள் கோயில் கமிட்டிக்காரரிடம் டீச்சர் விலாசம் கேட்டு, ஒரு சாக்கு வெள்ளரிப்பிஞ்சோடு மதுரைக்குப் பஸ் ஏறினோம். டீச்சர் வீடு கோரிப்பாளையம் தாண்டி ஒரு சந்தில். என் வீட்டுக்காரரைப் பார்த்ததும், 'இன்னும் விசிலடிக்க வேண்டியது பாக்கியா?' என்கிற மாதிரி டீச்சர் முறைத்தார். நடந்ததை நான் சொல்லச் சொல்ல அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சும்மா வாய்க்கு வந்த உதாரணம்மா அது," என்றார். "தோத்துப்போன பேச்சு. அதைப் போய் யார் கேட்டிருப்பான்னு நினைச்சேன்."

"நான் கேட்டேன் டீச்சர்."

அவர் கண் கலங்கியது. என் வீட்டுக்காரர் சாக்கை இறக்கி வைத்துவிட்டு, வாசற்படிக்கு வெளியிலேயே தலையைத் தொங்கப் போட்டு நின்றார். டீச்சர் எத்தனை தடவை கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

"அவருக்கு ஒங்க மூஞ்சியப் பாக்க வெக்கம் டீச்சர்," என்றேன். "வெக்கப்படுறதுக்கு மனுசன் உசுரோட நிக்கிறாரே, அதுக்குத்தான் ஒங்களைக் கும்பிட வந்தேன்."