கொசுறுப் படம்

அண்ணனின் பாடைக்கு வந்த மூங்கிலில் ஒன்று கோணல் என்று சின்னமுத்து பேரத்தைத் தொடங்கிய நேரத்தில், உள்ளே மதினியின் ஒப்பாரியில் அவன் பேச்சு வந்தது.

"தம்பி கூட்டிப்போயி படம் புடிக்க, தங்கமே, கன்னத்துல புத்து வந்து சேந்துச்சே..."

மூங்கில்காரர் சொன்ன விலைக்கே தலையாட்டிவிட்டான். அவனிடம் பேரம் பேசிய வண்டன்மேட்டு ஏலக்காய் வியாபாரிகள் யாரும் பார்த்திராத காட்சி அது.

போன வருஷம், எழுபத்து நாலு சித்திரையில், அண்ணன் பெரியமுத்துவுக்குக் கடைவாய்ப் பல்வலி. சின்னமுத்துதான் கம்பத்துக்கு அழைத்துப்போனான். வலிக்கிற பக்கம் ஒரு எக்ஸ்ரே போதும் என்றார் பல் டாக்டர். கொசுறு வாங்காமல் ஓரிடத்திலிருந்து எழுந்து பழக்கமில்லை சின்னமுத்துவுக்கு. "அந்தப் பக்கமும் சும்மா ஒண்ணு எடுங்க சார்" என்று மல்லுக்கட்டி எடுக்கவைத்தான். மலையேறும் வழியெல்லாம் இருவரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு கன்னம் வீங்கியது. ஆஸ்பத்திரியில் புற்று என்றார்கள். எக்ஸ்ரே ஒளி பட்டாலே புற்று வரும் என்று பத்திரிகை படித்த ஒருவர் சொல்லிப்போனார். அன்றிலிருந்து அண்ணன் முகத்தை அவன் நேராகப் பார்க்கவில்லை.

பந்தலில் அமிர்தநாதன் உட்கார்ந்திருந்தார். கம்பத்தில் அந்த எக்ஸ்ரே படங்களை எடுத்தவர், அண்ணனோடு பழகிவிட்டவர். சின்னமுத்து பக்கத்தில் குந்தினான்.

"அண்ணாச்சி, மறைக்காமச் சொல்லுங்க. நான் கேட்ட ரெண்டாவது படந்தான் கொன்னுச்சா?"

"வாயத் தொறக்கச் சொன்னப்பவே வலது கன்னத்துல புண்ணு இருந்துச்சு தம்பி. முப்பது வருசமாப் பொகையில ஒதுக்குன எடம். நீ கேட்டு எடுத்தது இடது பக்கம்."

"அப்ப படத்தால ஒண்ணும் வராதா?"

"வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு படத்துக்கு வர்றது ரொம்பச் சொற்பம். நீங்க ஒக்காந்து எந்திரிச்சுப் போறவுக. தெனமும் அடுத்தவுக வாய்க்குள்ள வெரலால பிலிமைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறவன் நான்ல."

பாலில்லாத கட்டங்காப்பி கொதிக்கக் கொதிக்க வந்தது. சின்னமுத்து ஒரு டம்ளரை எடுத்து நீட்ட, அமிர்தநாதன் இடது கையை நீட்டினார். எதிரே இருந்த பெரியவர் முறைத்தார். உடனே அமிர்தநாதன் துண்டுக்கடியிலிருந்து வலது கையை எடுத்தார். சுட்டுவிரல் கறுத்து, நகம் பிளந்து, ஆறாத வெடிப்பு.

"டாக்டர்ட்ட காட்டுனீகளா?"

"காட்டணும்."

சின்னமுத்து டம்ளரைக் கொடுக்கவில்லை. இன்னொரு டம்ளர் வாங்கி, இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்குமாக ஊற்றி ஆற்றினான். பாடை கட்டக் கூப்பிட்டார்கள். ஆறும்வரை அவன் எழவில்லை.