ரெண்டு கைக் கத்தி

"அந்தக் கத்தியை எங்க வச்சே?"

நாத்தனார் கேட்டபோது, அவள் தன் கணவரின் வலக்கையைச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை அவருக்கு முன்பே செத்துப்போன கை. பக்கவாதம் வந்த நாளிலிருந்து தினமும் நுழைத்துப் பழகியதால் அதில் அவளுக்குச் சிரமம் இல்லை. இன்று இடக்கையும் அதே கனம் கனத்தது. அதுதான் புதிது.

"எந்தக் கத்தி அண்ணி?"

"நல்லா கேட்டே போ. காலைல வாங்கப் போனியே, அந்தக் கத்திதான். வாங்கினியா இல்லையா?"

"வாங்கினேன்."

"எடுத்து வை. கிளம்பும்போது அவன் பையில போட்டு அனுப்பிடலாம். கேட்டுக் கேட்டே போய்ட்டான்."

அவள் தலையாட்டினாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் அவளுடைய கைப்பை தொங்கியது. அதற்குள், கடைக்காரர் சுற்றிக் கொடுத்த தாள்கூட இல்லாமல், கத்தி கிடந்தது. தாளைக் கசக்கி எறிந்துவிட்டுத்தான் வீடு வந்திருந்தாள்.

அது அவர் கைக்கு வாங்கிய கத்தி இல்லை. மடக்கியபடி இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. திறக்கப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அவர் சரக்குக் கிடங்கில் பார்சல் பிரிவை மேய்த்தவர். வீட்டுச் சாவியை மறந்து போவார். மடக்குக் கத்தியை மறந்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒரு நாள் அதை அவள் கேலி செய்தாள். அன்று சாப்பாடு ஆறும்வரை பாடம் நடந்தது. "பையில இருக்கறதே தெரியக் கூடாது. ஆனா கை போனா வந்துடணும். ஒரு கையில பெட்டி, ஒரு கையில கத்தி. ரெண்டு கையும் கத்திக்கே போச்சுன்னா பெட்டியை உங்கப்பனா வந்து பிடிப்பாரு?"

அந்தக் கத்தி, ஆஸ்பத்திரியில் கழற்றிய பேண்ட்டோடு காணாமல் போயிற்று. பேச்சும் அதோடு போயிற்று. திரும்பி வந்த சொற்களில் இரண்டுதான் தெளிவாக இருந்தன. ஒன்று தண்ணி. இன்னொன்று கத்தி. "உங்க வீட்டுக்காரர் கத்திக் கத்தியே கத்தி கேக்கறாருக்கா, எனக்கு மிஷினே ஓட மாட்டேங்குது," என்று கீழ்வீட்டுத் தையல்காரி ஒரு தடவை சொல்லிச் சிரித்தாள். அவளும் சிரித்தாள். சிரித்து முடிக்கும் முன்பே மேலே மணி அடித்தது.

மணிதான் அந்த வீடு. சமையலறை ஜன்னல் கம்பியில் ஒரு சின்ன வெண்கல மணி. அதிலிருந்து பார்சல் கட்டும் நைலான் கயிறு கிளம்பி, கதவு நிலையில் இரண்டு ஆணிகளில் ஏறி இறங்கி, கூடத்தில் அவர் கட்டில்வரை வரும். நுனியை, கை நழுவிவிடாமல், விரிப்பின் ஓரத்தோடு சேர்த்து அவரே முடிச்சுப் போட்டிருந்தார். இடது கையாலும் பல்லாலும் போட்ட கிடங்கு முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். தண்ணிக்கு ஒரு மணி, புரட்டிப் படுக்க ஒரு மணி, ஈக்கு ஒரு மணி. சில சமயம் அவள் ஓடி வந்து நின்றால், சும்மா பார்ப்பார். இருக்கிறாளா என்று பார்ப்பது. இருப்பாள். வேறெங்கே போவாள்?

அதனால்தான் நாத்தனார் இன்று காலை வந்து, "நான் பாத்துக்கறேன், நீ போய் அவன் கேட்டதை வாங்கிட்டு வா, அரை மணி நேரத்துல வந்துடு," என்றதும், தலையைக்கூடச் சரியாக வாராமல் படியிறங்கிவிட்டாள்.

இரும்புக்கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். "யாருக்கும்மா? கை எப்படிப்பட்ட கை?"

"ஒரு கைதான் வேலை செய்யும். இடது."

யோசிக்காமல் கறுப்புப் பிடி போட்ட ஒன்றை எடுத்து வைத்தார். அலகின் அடியில் ஒரு குமிழ். கட்டைவிரலால் தள்ளியதும் டக்கென்று திறந்து நின்றது. அலகு ஆடவில்லை. அதே விரலால் பூட்டை விலக்கினால் மடங்கியது. "எந்தக் கையானாலும் சரி. கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்க."

அவள் கண்ணை மூடவில்லை. "வேற காட்டுங்க," என்றாள்.

அதைவிடப் பொருத்தமான கத்தி இருக்காது என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் ஒருவர் வரிசையாகப் பொருள்களை எடுத்து வைத்து, இதுவா அதுவா என்று அவளைக் கேட்பது நின்றுவிடக் கூடாது என்று இருந்தது. ஒவ்வொன்றையும் கையில் வைத்துப் பார்த்தாள். ஒன்று பெருங்கனம், பையைக் கிழித்துவிடும். ஒன்று திறந்தபின் லொடலொடத்தது. கடைக்காரர் ஒரு தாளை நீட்டி வெட்டிப் பார்க்கச் சொன்னார். வெட்டினாள். தாள் சத்தமே இல்லாமல் இரண்டாயிற்று. இன்னொரு முறை வெட்டினாள்.

கண்ணாடிப் பெட்டியின் மூலையில் ஒரு சின்னக் கத்தி கிடந்தது. பழுப்பு மரப்பிடி. குமிழ் கிடையாது. அலகில் நகம் வைக்க ஒரு கீறல் மட்டும். ஒரு கையில் பிடித்து, மறு கை நகத்தால் இழுத்துத்தான் திறக்க வேண்டும். உள்ளங்கையில் வைத்தாள். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது.

"அது அவருக்கு ஆகாதும்மா. ரெண்டு கை வேணும்."

"தெரியும்."

"அப்ப யாருக்கு?"

அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. கடைக்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவளை ஒரு தரம் பார்த்தார். "தினமும் யாரு வச்சுக்கப் போறாங்களோ, அவங்க கைக்குத்தான் வாங்கணும். நான் வேற என்ன சொல்றது?"

"இதையே குடுங்க."

கறுப்புப் பிடி வீட்டுக்கு வந்தால் 'கத்தி' நின்றுவிடும். அந்த இடத்துக்கு வேறொரு சொல் வரும். அதுவும் மணியோடு வரும். தெருவில் நடக்கும்போது இப்படியெல்லாம் நினைத்து நியாயம் தேடிக்கொண்டாள். பழக்கடையில் ஒரு ஆப்பிள் வாங்கினாள். பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, கத்தியைத் திறந்து, துண்டு துண்டாக வெட்டித் தின்றாள். பஸ்கள் வந்தன, போயின. எல்லாமே எங்கோ போகிற பஸ்கள். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

படியேறும்போது பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. 'கடையில நீங்க சொல்ற மாதிரி இல்லைங்க, அடுத்த வாரம் வரச் சொன்னாரு.' கதவு திறந்திருந்தது. வாசலில் நின்ற நாத்தனாரின் முகத்தைப் பார்த்ததும், அதைச் சொல்ல ஆள் இல்லை என்று தெரிந்தது.

பகல் மூன்று மணிக்கெல்லாம் கூடம் நிறைந்துவிட்டது. தையல்காரி அவள் கையைத் தன் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அசைந்தால் பிடி இறுகியது. வருகிற ஒவ்வொருவரிடமும் நாத்தனார் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"அரை உசுரா கெடந்தவன் கேட்டான்னு இவ ஓடறா. வெயில்ல கடை கடையா ஏறி இறங்கி வாங்கிட்டு வர்றா. அதுக்குள்ள..."

"குடுத்து வச்ச மனுஷன்," என்றது ஒரு குரல்.

"இந்தக் காலத்துல யாரு இப்படிப் பாத்துக்கறா?" என்றது இன்னொன்று.

ஒவ்வொரு பாராட்டும் ஒரு செங்கல்லாக வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தது. கடை கடையாக ஏறவில்லை, ஒரே கடை என்று சொல்லலாம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லலாம். வாயைத் திறந்தாள். "தண்ணி வேணுமா?" என்று தையல்காரி குனிந்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

கிடங்கிலிருந்து நாலு பேர் வந்தார்கள். அவர்களில் மூத்தவருக்கு 'டேப்பு' என்று பெயர். பேச்சில் ஒட்டினால் பிய்த்தெடுக்க முடியாது என்பதால் அவள் கணவரே வைத்த பெயர். அவர் கட்டிலருகில் குந்தினார்.

"கத்தி வாங்கிட்டியாமே தங்கச்சி. ஒரு கைல திறக்கறதுதானே? அவன் அதுலதான் நிப்பான். ஒரு கையில பெட்டி, ஒரு கையில கத்தின்னு எங்க பிராணனை வாங்குவான். ஒரு தடவை நான் ரெண்டு கைக் கத்தி ஒண்ணு கொண்டு போனேன். ‘ஏண்டா, இது கத்தியா, கல்யாண ஆல்பமா, ரெண்டு கையால திறக்கறே’ன்னு கேட்டான் பாரு..."

நாலைந்து பேர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தொண்டையைச் செருமினார்கள்.

"அந்தக் கத்தியை எடுத்துட்டு வாம்மா, வண்டி வந்துடுச்சு," என்றாள் நாத்தனார்.

தையல்காரி கையை விட்டாள். ஆணிவரை போய்ப் பைக்குள் கைவிட்டபோது, மரப்பிடி தானாகவே உள்ளங்கைக்குள் வந்து சேர்ந்தது. விரல்களை மூடிக்கொண்டாள். இன்று ஒரே ஒரு பொருளைத்தான் தனக்கென்று தேர்ந்தெடுத்திருந்தாள். அதைக் கொண்டுபோய் அவர் பையில் போடுவதா? இல்லை என்று சொன்னால் எல்லோரும் ஏன் என்பார்கள். கொடுத்துவிட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

கொடுத்தாள். மடக்கியபடியே.

நாத்தனார் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்பியின் சட்டைப் பையில் போட்டு, மேலே இரண்டு தட்டுத் தட்டினாள். "போதும்டா. கேட்டது கிடைச்சுடுச்சு."

ஸ்ட்ரெச்சர் மாடிப்படி வளைவில் திரும்பாது என்று வண்டிக்காரர் சொல்லிவிட்டார். விரிப்போடு தூக்கிக்கொள்வது என்று முடிவாயிற்று. டேப்பும் மற்ற மூவரும் நாலு மூலையைப் பிடித்தார்கள். தலை தொங்கிவிடாமல் நாத்தனார் இடது கையைக் கழுத்துக்கு அடியில் கொடுத்துக்கொண்டாள்.

"ம்... தூக்கு."

சமையலறையில் மணி அடித்தது.

அவள் கிளம்பிவிட்டாள். கால் தானாகப் பாதிக் கூடம் தாண்டியிருந்தது. தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள். யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் தூக்க, மணி விடாமல் அடித்தது.

"கயிறுப்பா," என்றார் டேப்பு. "இங்க பாரு, விரிப்புல கட்டியிருக்கு. ஒரு கை விட்டா அவிழ்த்துடுவேன்." குனிந்து பார்த்தார். "இல்ல, இது அவன் முடிச்சு. அவிழாது. வெட்டணும். அட, கத்திதான் அவன் பையிலயே இருக்கே. எடுங்கக்கா, சீக்கிரம், கை வலிக்குது."

நாத்தனாரின் வலக்கைதான் சும்மா இருந்தது. தம்பியின் பைக்குள் விட்டுக் கத்தியை எடுத்தாள். கட்டைவிரலால் குமிழைத் தேடினாள். பிடியைத் திருப்பித் தேடினாள். அலகை விரலால் நெம்பினாள். வழுக்கியது. இன்னொரு முறை முயன்றாள். மறு கை, தம்பியின் கழுத்துக்கு அடியில் இருந்தது.

நாத்தனாரின் விரல்கள் நின்றன. கத்தியைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து தம்பி பெண்டாட்டியைப் பார்த்தாள்.

"என்னக்கா, புதுசு, இறுக்கமா இருக்கா?" டேப்புக்கு இருந்த இடத்திலிருந்து எதுவும் தெரியவில்லை.

அவள் கிட்டே போய்க் கையை நீட்டினாள். நாத்தனார் கொடுத்தாள். இடக்கையில் பிடித்து, வலக்கை நகத்தைக் கீறலில் வைத்து இழுத்தாள். அலகு நிதானமாகத் திறந்தது. அடியில் ஒரு துணுக்கு ஆப்பிள் தோல் சிவப்பாக ஒட்டிக் காய்ந்திருந்தது. நாத்தனாரின் கண் அதன்மேல் போய் நின்றதை அவள் பார்த்தாள். மறைக்கவில்லை. மறைக்க இரண்டு கையிலும் இடமில்லை.

கயிற்றில் அலகை வைத்தாள். ஒரே இழுப்பு. மணி நின்றது.

"மணியில்ல இது," என்றாள் நாத்தனார். அவளுக்கு மட்டும் கேட்கிற குரல். "ஒரு காலைப் பொழுதுதான் இருந்தேன். விட்டு விட்டு அடிச்சுக்கிட்டே இருந்தான். அடுப்புல பால் வச்சுட்டு, காதைப் பொத்திக்கிட்டு அங்கேயே நின்னேன்."

அவள் கையில் கத்தி திறந்தபடியே இருந்தது.

"பையில போட்டுடுங்க, போலாம்," என்றார் டேப்பு.

நாத்தனார் தம்பியின் சட்டைப் பையைத் தடவிச் சரிசெய்தாள். பை தட்டையாக இருந்தது. மூடியை இழுத்துப் பொத்தானைப் போட்டாள்.

"ஆச்சு. தூக்குங்க."

நாலு பேரும் படியில் பக்கவாட்டாக, ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொண்டு இறங்கினார்கள். பின்னால் நாத்தனார். அவள் வாசலில் நின்று இரண்டு கையாலும் கத்தியை மடக்கினாள். கைப்பையை ஆணியிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, காலைச் செருப்பில் நுழைத்தாள்.

முதல் வளைவில் போய்க்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள் யார் காலில் கயிறு தட்டியதோ, மேலே மணி ஒரு முறை அடித்தது.

முன்னால் போன நாத்தனாரின் கால் ஒரு படியில் நின்றது. பிறகு அடுத்த படிக்கு இறங்கியது. பின்னால் அவளும் இறங்கினாள்.