காசி யாத்திரைக் குடை

குடையைப் பார்த்ததும் எனக்கு இரத்தம் கொதித்தது.

எழுபத்திநாலாம் வருஷம், வைகாசி. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் என் மகள் கோமதியின் கல்யாணம். மாப்பிள்ளை ரகுபதி காசி யாத்திரை கிளம்பிச் சத்திரத்து வாசலைத் தாண்டி நின்றான். காசிக்குப் போகும் மாப்பிள்ளைக்குக் குடை தருவது பெண் வீட்டார்; தேங்காய் கொடுத்து அவனைத் திருப்பி அழைப்பது பெண்ணின் தகப்பனார். நான் கொடுத்தது கறுப்புத் துணியும் பிரம்புப் பிடியும் போட்ட குடை. மேற்கு மாம்பலம் குடைப் பட்டறையில் வேலை செய்யும் தேவானை கையால் தைத்தது. அவன் தலைக்கு மேல் விரிந்திருந்ததோ பூப்போட்ட வெளிநாட்டு மடக்குக் குடை. பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் அழைத்து வந்த ஒருவர் காமிராவோடு தயாராக நின்றார்.

நான் அப்போது பாராளுமன்ற உறுப்பினன். ஆசிய நாடுகள் சில தங்களுக்குள் சுங்க வரியைக் குறைத்துக்கொள்ளும் ஒப்பந்தம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. வரி குறையும் சாமான்களில் குடையும் உண்டு. ஜூலையில் சபை கூடியதும் எதிர்த்துப் பேசுவதாகப் பட்டறைப் பெண்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். சம்பந்தி பஞ்சநதம் பாரிமுனையில் இறக்குமதி ஏஜெண்டு. நிச்சயதார்த்தத்திலிருந்தே என் வாயை அடைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குடையின் கீழ் நான் நிற்கும் படம் பத்திரிகையில் வந்தால், சபையில் எந்த முகத்தோடு எழுந்திருப்பேன்?

“எங்காத்துக் குடை எங்கே ஓய்?” என்று பஞ்சநதத்தைக் கேட்டேன்.

“அந்தத் தடியா? கார் டிக்கியில கிடக்கு. இதைப் பாரும், மடிச்சா பையில அடங்கறது. நீர் டில்லியில வாயைத் திறக்காம இருந்தா ஊருக்கெல்லாம் பாதி விலையில கிடைக்கும்.”

“எத்தனை நாளைக்கு? இங்கே இருக்கிற பட்டறையெல்லாம் மூடற வரைக்கும். அப்புறம் அவா வச்சதுதான் விலை. நம்மகிட்டேர்ந்து தோலும் இரும்புத் தாதுவும் போகும், செருப்பும் குடைக்கம்பியுமா திரும்பி வரும். அந்த ஒப்பந்தத்தையும் கையெழுத்துப் போட்டப்புறம்தான் சபைக்குக் காட்டுவாளாம். பொண்ணுக்குச் சொல்லாம தாலி கட்டற மாதிரி!”

“கல்யாணத் தெருவில பார்லிமெண்ட் நடத்தாதேயும். தேங்காயை எடுத்துண்டு பையனைக் கூப்பிடும்.”

நான் அழைத்ததால் கல்யாணத்துக்கு வந்திருந்த தேவானை கூட்டத்தை விலக்கி முன்னே வந்தாள். “இன்னா சார் இது? மூணு நாளா குந்திக்கினு தெச்ச கொடை டிக்கிலயா கீது? இன்னாத்துக்கு, டயர் மாத்தவா?”

சிலர் சிரித்தார்கள். முகூர்த்தம் நெருங்குகிறது என்றார் சாஸ்திரிகள். என் மனைவி தேங்காயை என் கையில் திணித்தாள்.

“கோமதியை நினைச்சுக்கோங்கோ.”

நினைத்தேன். என் தகப்பனாரையும் நினைத்தேன். எங்கள் வீட்டில் யாரும் சபையில் ஒன்றும் வாசலில் ஒன்றுமாகப் பேசியதில்லை.

“மாப்பிள்ளை, அந்தக் குடையைப் பிடிச்சுண்டிருக்கிற வரைக்கும் நான் கூப்பிட மாட்டேன். காசிக்கே போய்ட்டு வாங்கோ.”

நாதஸ்வரம் பாதியில் நின்றது.

“கேட்டேளா! பொண்ணைப் பெத்தவன் பேசற பேச்சா இது?” பஞ்சநதம் கத்தினார். “வாடா, கிளம்பலாம்!”

ரகுபதி தகப்பனாரைப் பார்த்தான். “அவா குடுத்த குடை கம்பி உடைஞ்சுடுத்துன்னு சொன்னேளேப்பா?”

ரகுபதி பூப்போட்ட குடையைத் தகப்பனார் கையில் கொடுத்துவிட்டு, பஞ்சகச்சத்தோடு விறுவிறுவென்று காருக்கு நடந்தான். டிக்கியைத் திறந்து கறுப்புக் குடையை எடுத்தான். ஒரு கம்பியும் உடைந்திருக்கவில்லை. அதை விரித்துப் பிடித்துக்கொண்டு பழைய இடத்துக்கே வந்து நின்றான்.

“இப்போ கூப்பிடுவேளா மாமா?”

யாரிடமும் வளையாத நான் ஊர் பார்க்கத் தேங்காயை நீட்டி, என் பெண்ணைத் தருகிறேன், வாருங்கள் என்று அவனை அழைத்தேன்.

“இப்போ எடும் படத்தை!” என்று காமிராக்காரரிடம் சொன்னேன். அவர் பஞ்சநதத்தைப் பார்த்தார். பஞ்சநதம் பூப்போட்ட குடையை மடிக்க வராமல் அதன் விசையோடு மல்லாடிக்கொண்டிருந்தார். படம் எடுக்காமலே காமிரா கீழே இறங்கிவிட்டது.

ஜூலையில் நான் பேசினேன். கோமதியின் கல்யாண ஆல்பத்தில் காசி யாத்திரைக்கு உரிய பக்கம் இன்றும் காலியாக இருக்கிறது. வேறு படம் எதையும் அங்கே ஒட்ட நான் விடவில்லை.