வெளியில் பார்த்தால்

சரண்யாதேவி ஆலோசகராக வேலை பார்க்கும் மனநல ஆலோசனை நிறுவனம் மதுரை பைபாஸ் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது. வருகிறவர்களில் பலர் டைல்ஸ் பார்க்க வந்தவர்களைப் போலக் கீழே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் படியேறுவார்கள்.

வாடிப்பட்டி செல்லத்தாய் மட்டும் நிற்பதில்லை. வயது நாற்பத்தெட்டு. கணவர் இறந்தபின் எட்டு மாதம் யாரோடும் பேசாமல் கிடந்தவரை மகள் மீனாதான் கூட்டி வந்தாள். முதல் மூன்று வியாழக்கிழமையும் வாய் திறக்கவில்லை. இப்போது, ஐந்து மாதம் கழித்து, நேரம் முடிந்தது என்றால் கோபித்துக்கொள்கிற அளவுக்குப் பேச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சரண்யாதேவி தங்கையின் வளைகாப்புக்குப் பூ வாங்க மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குப் போயிருந்தாள். எதிரே செல்லத்தாய், ஊர்ப்பெண்கள் நாலு பேரோடு. இவளைக் கண்டதும் கையைத் தூக்கினார். சரண்யாதேவி மல்லிகைக் குவியல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியில் யாரைப் பார்த்தாலும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. சிகிச்சைக்கு வருவது ஊருக்குத் தெரிந்துவிடக் கூடாதே.

அடுத்த வியாழக்கிழமை செல்லத்தாய் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. சரண்யாதேவி போன் செய்தபோது மீனா எடுத்தாள்.

"அம்மா மாத்திரைய நிப்பாட்டிருச்சுக்கா. பழையபடி சுவத்தப் பாத்துப் படுத்திருக்கு. சந்தைக்குப் போயிட்டு வந்ததுல இருந்து இப்படித்தான்."

கிளைப் பொறுப்பாளர் ஸ்ரீகுமார் செல்லத்தாயின் ஃபைலைத் திறந்து பார்த்தார். "வெளியில பாத்தா பேச மாட்டோம்னு மொத நாளே சொல்லிரணுமே. சொன்னதா டிக் அடிச்சிருக்கீங்க."

முதல் நாள் சுவர்போல உட்கார்ந்திருந்த மனுஷியிடம் விதிகளை வாசிக்கச் சரண்யாதேவிக்கு மனம் வரவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று டிக் அடித்தவள், மறந்தே போனாள்.

"சொல்லல சார்."

"அப்ப வீட்டுக்கே போய்ச் சொல்லிட்டு வாங்க."

வாடிப்பட்டி வீட்டில் சுவர்ப்பக்கம் படுத்திருந்த செல்லத்தாய் திரும்பிப் பார்க்கவில்லை. சரண்யாதேவி பாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, விதியையும் தன் மறதியையும் ஒளிக்காமல் சொன்னாள். செல்லத்தாய் சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"அவளுககிட்ட ஆசையாச் சொன்னேன், இந்தப் பிள்ளகிட்டதான் வாராவாரம் பேசப் போறேன்னு. நீ பூவப் பாத்துக்கிட்டு நின்ன. காசு குடுத்தாத்தான் பேசுவா போலன்னு கூட வந்த ஒச்சாயி சிரிக்கிறா. அவ சொன்னது சரிதான?"

"சம்பளத்துக்குத்தான் பெரியம்மா பேசுறேன். இல்லைங்கல. ஆனா, நாலாவது வாரம், மொத மொதல்ல வாயத் தொறந்து, 'ஃபேனக் கொற ஆத்தா'ன்னீங்கள்ல? அன்னைக்குப் பாத்ரூமுக்குள்ள போயி அழுதேன். அதுக்கு யாரும் சம்பளம் குடுக்கல."

செல்லத்தாய் மெதுவாகப் புரண்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஃபேனக் கொறைக்கச் சொன்னதுக்கா அழுத? கிறுக்கி."

வாசலில் நின்ற மீனா சிரித்துவிட்டாள். செல்லத்தாய் எழுந்து உட்கார்ந்து கொண்டையை முடிந்தார். டீ குடித்து முடித்ததும், பஸ் ஏற்றிவிட வாரேன் என்று தானாகவே செருப்பை மாட்டினார். பஸ் நிறுத்தத்துக்கு நேர்வழி இருந்தும் சுற்றுவழியாக ஒச்சாயி வீட்டுத் தெருவுக்குள் திரும்பினார்.

ஒச்சாயி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சந்தையில் முகத்தைச் சரியாகப் பார்க்காததால் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "யாரு செல்லத்தாயி, ஒறமொறையா?"

செல்லத்தாய் சரண்யாதேவியைப் பார்த்தார்.

"சொல்லலாமா பெரியம்மா?"

"சொல்லு."

"பெரியம்மா வாராவாரம் எங்கிட்டதான் பேச வாராக. அன்னைக்குச் சந்தையில நான்தான் பேசாம இருந்துட்டேன். தப்பு என்மேல."

ஒச்சாயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இம்புட்டு ஒல்லியா இருக்கே. இது நேரத்துக்குச் சாப்புடுதா இல்லையா?"

"அத வியாழக்கிழம நான் கேட்டுக்கிறேன்," என்று சொல்லிவிட்டு நடந்தார் செல்லத்தாய்.