உருக்குமணிக்குத் தைமிடின்

என் மனைவி உருகத் தொடங்கியது ஆடி மாதம் பதினான்காம் தேதி. தவறு என்னுடையது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது படிவத்தில் அவள் பெயரை எழுதியது நான்தான்.

அவள் பெயர் ருக்மணி. நான் மருத்துவக் கலைச்சொல் அகராதி அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். ரகரம் சொல்லுக்கு முதலில் வராது. இருபத்தாறு வருடமாக 'ரத்தம்' என்று வருவதையெல்லாம் 'இரத்தம்' ஆக்கிப் பழகிய கை, அவள் பெயருக்கு முன்னாலும் ஓர் உகரத்தைப் போட்டு 'உருக்குமணி' என்று எழுதிவிட்டது. நாங்கள் வந்தது சாதாரணக் காய்ச்சலுக்கு.

சிஸ்டர் ஜெயசீலி படிவத்தைப் பார்த்தார்.

"உருக்கா? அப்ப உருகுறவங்க வார்டு. உ வரிசையில ரெண்டாவது ரூம்."

மறுநாள் காலை உயரம் அளந்தார்கள். அரை விரற்கடை குறைந்திருந்தாள்.

இந்த ஆஸ்பத்திரி எங்கள் அகராதிப்படி நடக்கிறது. அறைகள் அகரவரிசையில் இருக்கின்றன. நாங்கள் ஒரு சொல்லைச் சேர்த்தால் நடையில் ஒரு கதவு கூடும். அந்த வருடம் நிறையச் சொற்கள் சேர்த்திருந்தோம். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

"முன்னாடி இருக்கிற உ-வை எடுத்துடுங்க சிஸ்டர். அது நான் போட்டது."

"ரு முதல்ல வராதே சார். போர்டுல நீங்கதானே எழுதி மாட்டியிருக்கீங்க."

"அது சொல்லுக்கும்மா. ஆளுக்கு இல்ல."

"ஆளும் வரிசையிலதானே சார் படுத்திருக்காங்க."

இலக்கணப்படி அவர் சொன்னது சரி.

டாக்டர் வாசலுக்கு வெளியே நின்றார். டகரமும் முதலில் வராது. 'இடாக்டர்' ஆனால் உள்ளே வரலாம், ஆனால் அது தன் படிப்புக்குக் கௌரவக் குறைச்சல் என்று நினைத்தார். எல்லா நோயாளிகளையும் வாசலில் நின்றே பார்த்தார்.

"உடம்புக்குள்ள நூல் மாதிரி ஒண்ணு இருக்கு," என்று அங்கிருந்து கத்தினார். "அதுல நாலு வகை மணி கோத்திருக்கும். நியூக்ளியோசைடுன்னு பேரு. இவங்களுக்கு ஒரு மணி தீந்துட்டே வருது. தைமிடின். அதைக் குடுத்தா நின்னுடும்."

நியூக்ளியோசைடு எனக்குத் தெரிந்த சொல். நியூக்ளியோடைடு வேறு. சை-யா, டை-யா என்று எங்கள் அகராதிக் குழு மூன்று அமர்வு உட்கார்ந்தது. டை என்றால் கூடவே ஒரு பாஸ்பேட் ஒட்டியிருக்கும். அச்சில் இரண்டும் மாறிக் கிடந்ததைக் கண்டுபிடித்தது நான்தான். "ஒரு எழுத்து தப்பினா ஒரு உயிர் போயிடும் சார்," என்று அன்றைக்குச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

மருந்தகம் ம வரிசையில் இருந்தது. காலையில் புறப்பட்டு மதியம் போய்ச் சேர்ந்தேன். எபனேசர் என்ற மருந்தாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சீட்டைப் படித்தார்.

"தைமிடினா? தையில வாங்க."

"இப்ப வேணும்."

"இப்ப ஆடி சார்."

"அலமாரியில இருக்கே. தெரியுது."

"இருக்கு. தையில குடுப்போம்."

வேறு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டேன். அடினோசின் அடிபட்டவர்களுக்கு. குவானோசின் பிரசவ வார்டுக்கு. சைட்டிடின், சைட்டு சரியில்லாதவர்களுக்கு, கண் பிரிவில். யூரிடின் சிறுநீரகத்துக்கு.

"இனோசின்?"

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "அது கடைசியில குடுக்கிறது சார். அதுக்கப்புறம் இனி நோ."

திரும்பி வரும்போது நடை இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தது.

ருக்மணி கணக்குப் போட்டாள். அவளுக்குக் கணக்கு நன்றாக வரும்.

"எண்சாண் உடம்புங்க. தொண்ணூத்தாறு விரற்கடை. நாளைக்கு அரை போனா, தை ஒண்ணாந்தேதி ஒரு சாண் மிஞ்சும். ஒரு சாணா இருந்தாலும் மருந்து குடிக்க வாய் இருக்கும்ல?"

"இருக்கும்."

"பின்ன என்ன? நீங்க ப்ரூப் பாத்த ஒரே பொண்டாட்டி நான். அதையும் தப்பாப் பாத்துட்டீங்க."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழிப்பறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை. என் அலுவலகத்துக்கே மனு எழுதினேன். தைமிடினில் உள்ள தை மாதப் பெயர் அல்ல, அது வெறும் ஒலிபெயர்ப்பு, எல்லா மாதத்திலும் வழங்க ஆவன செய்யுங்கள் என்று எழுதினேன். குழுத் தலைவர் புலவர் நக்கண்ணனார் மனுவை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார்.

"தை இருக்கட்டும். மிடி என்றால் என்ன?"

"வறுமை, ஐயா."

"தை அறுவடை மாதம். அதில் ஏது மிடி? சொல் பிழையாக அல்லவா இருக்கிறது! இத்தனை நாள் எப்படி விட்டோம்?"

"ஐயா, என் மனைவி..."

"நல்ல மனு. குழுவில் வைக்கிறேன்."

நான் மகிழ்ச்சியோடு வெளியே வந்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. அன்று ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு போனேன். அவளுக்கு அது தலையிலிருந்து இடுப்பு வரை வந்தது.

குழு ஆவணியில் கூடியது. புரட்டாசியில் உறுப்பினர் ஒருவருக்கு நாற்காலி போதவில்லை என்று ஒத்திவைத்தார்கள். ஐப்பசியில் வளையல் அவள் தோள் வரை ஏறியது. கார்த்திகையில் அவளைத் தலையணை மேல் உட்காரவைத்து, மருந்துப் புட்டியின் மூடியில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். அவள் குரல் மட்டும் குறையவில்லை. அதே பழைய குரலில், சட்டையைத் துவைத்துப் போடுங்கள் என்று சொன்னாள்.

மார்கழியில் அலுவலகத்தில் வேலை அதிகம். நாளுக்கு நாற்பது பக்கம் மெய்ப்பு வந்தது. மெய்ப்புத் திருத்துகிறவன் எழுத்தைத்தான் பார்ப்பான், பொருளைப் பார்க்கமாட்டான். பார்த்தால் வேலை ஓடாது. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

தை ஒன்றாம் தேதி வந்தது. பொங்கல் விடுமுறை. மருந்தகம் மட்டும் திறந்திருந்தது. என் மனைவி சரியாக ஒரு சாண் இருந்தாள். அவளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். எழுத்து எழுத்தாக அறைகள் கடந்துபோயின. "மெதுவாப் போங்க, குலுங்குது," என்றாள்.

எபனேசர் புத்தாடையில் இருந்தார்.

"தைமிடின்," என்றேன்.

"அப்படி ஒரு மருந்து இல்லையே சார்."

"அதோ இருக்கே. அதே புட்டிதான்."

"அது ஆடிமிடின். ஆடியில குடுப்போம்."

ஒரு தாளை எடுத்து நீட்டினார். மனுவின் ஒரு பகுதி ஏற்கப்பட்டது. அறுவடை மாதத்தில் மிடி இல்லாமையாலும், விதைநெல்லையும் தின்று தீர்க்கும் ஆடியிலேயே அது உள்ளமையாலும், தைமிடின் இனி ஆடிமிடின் எனப்படும். கீழே மெய்ப்புப் பார்த்தவர் கையெழுத்து. அது என்னுடையது. கடைசி ன்-னில் புள்ளி விட்டுப்போயிருந்தது. அதைச் சிவப்பு மையில் நானே போட்டிருந்தேன்.

"உங்க மனுதான் சார். வேலை சீக்கிரம் முடிஞ்சுடுச்சு."

ஆடிக்கு இன்னும் ஆறு மாதம். அவளுக்கு இருபத்து நான்கு நாள்.

"என்னங்க சொல்றாரு?" என்று பையிலிருந்து கேட்டாள்.

"நாளைக்கு வரச் சொல்றாரு."

இருபத்தாறு வருடத்தில் நான் தெரிந்தே விட்ட பிழை அது ஒன்றுதான். அவள் கணக்குத் தெரிந்தவள். மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்த இருபத்து நான்கு நாளும் நான் அலுவலகம் போகவில்லை. அவள் பெயரில் மணி முதலில் போனது. பிறகு க்கு. பிறகு ரு. கடைசி நாளுக்கு முந்தின நாள் வரை பேசினாள். நான் காதைத் தலையணையில் வைத்துக் கேட்டேன். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள் என்றாள். அதற்கப்புறம் இன்னும் ஏதோ சொன்னாள். அது எனக்கு விளங்கவில்லை.

கடைசி நாள் காலையில் சிஸ்டர் ஜெயசீலி அளவுகோலோடு வந்தார். படுக்கையில் உ மட்டும் கிடந்தது. நான் முன்னால் போட்ட உ.

"இதை நீக்கிடுங்க சார். பெட்டுக்கு ஆள் காத்திருக்காங்க."

"அன்னைக்கு எடுக்கக் கூடாதுன்னீங்களே."

"அன்னைக்கு அதுக்குப் பின்னாடி ரு இருந்துச்சு. இப்பதான் ஒண்ணும் இல்லையே."

சிவப்புப் பேனாவையும் அவரே கொடுத்தார். நான் வாங்கவில்லை. உ-வை ஒரு வெள்ளைத்தாளில் ஏந்தி வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

தாள் என் மேசை மேல் இருக்கிறது. உ உச்சியில் இருக்கிறது. கீழே ஒன்றும் இல்லை. வருகிறவர்கள் அதைப் பிள்ளையார் சுழி என்று நினைத்துக்கொண்டு, என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்கிறார்கள்.